தேய்த்தால் தீருமா கீறல்?

கறுப்புக் கார் ஒன்றை உச்சி வெயிலில் நிறுத்திப் பார்த்தால், பானட்டில் சூரியன் பளிச்சிடும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல மெல்லிய வளையங்கள் தெரியும். இந்தச் சுழல் கீறலுக்கு நம்மிடம் உள்ள ஒரே வைத்தியம் பாலிஷ். ஒரு டப்பா ரப்பிங் கம்பவுண்ட் வாங்கி, பழைய பனியன் துணியில் தொட்டு, கை ஓயும் வரை தேய்த்தால் கீறல் போய் வண்டி புதிதாகிவிடும் என்று நம்புகிறோம். டூத்பேஸ்டே போதும் என்று சொல்லித்தரும் வீடியோக்களுக்கும் பஞ்சமில்லை. அந்த டூத்பேஸ்டிலும் இருப்பது உரசும் பொடிதான். எந்தப் பெயின்டைக் காப்பாற்ற நினைக்கிறோமோ, அதையே இந்த வைத்தியம் தின்று தீர்க்கிறது.

இன்றைய காரின் தகட்டின்மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று நான்கு அடுக்குகள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 140 மைக்ரான்தான். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறக்குறைய 40 மைக்ரான்; பெரும்பாலோரின் தலைமுடி அதைவிடத் தடிமனாக இருக்கும். சுழல் கீறல் என்பது இந்த மேலடுக்கில் விழுந்த நுண்ணிய பள்ளம். பாலிஷ் அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். கம்பவுண்டிலும் பாலிஷிலும் வேலை செய்வது அலுமினியம் ஆக்சைடு போன்ற உரசும் பொடி. அது பள்ளத்தைச் சுற்றியுள்ள மேட்டை, பள்ளத்தின் ஆழம் வரை சீவி எடுக்கிறது. கீறல் மறைந்தது என்றால் அவ்வளவு கிளியர் கோட் போய்விட்டது என்று பொருள். எண்ணெயும் மெழுகும் கலந்த சில பாலிஷ்கள் நிஜமாகவே பள்ளத்தை நிரப்பும். ஆனால் நாலைந்து முறை கழுவியதும் கீறல் பழையபடி தெரியும். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் இருப்பதும் கிளியர் கோட்டில்தான். அது மெலிந்தால் கூரையும் பானட்டும் நாளடைவில் வெளுத்து, தோல் உரிவதுபோல் உரியும். அதற்குமேல் பாலிஷால் ஆவது ஒன்றுமில்லை, மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியதுதான்.

தேய்த்தால் வண்டி புதிதாகும் என்ற நம்பிக்கை காரணமில்லாமல் வந்ததல்ல. அம்பாசடரும் பியட்டும் ஓடிய காலத்தில் பெரும்பாலான வண்டிகளுக்குக் கிளியர் கோட் கிடையாது. நிறப்பூச்சே மேற்பூச்சாகவும் இருந்தது. வெயிலில் அது மாவு பூத்து மங்கும். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் அந்த மாவு துணியில் வண்டியின் நிறத்திலேயே ஒட்டிக்கொண்டு வரும், அடியிலிருந்து புது நிறம் தெரியும். அந்தப் பெயின்டுக்கு அந்த வைத்தியம் பொருத்தமாகவே இருந்தது. பெயின்ட் மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

கீறலை விழ வைப்பதும் நம் பராமரிப்புதான் என்பதை ஏற்க இன்னும் கடினமாக இருக்கிறது. சாலைத் தூசியில் குவார்ட்ஸ் துகள்கள் உண்டு. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் மதிப்பு 7; சாதாரண இரும்பைவிடக் கடினமான பொருள். கிளியர் கோட்டோ ஒருவகைப் பிளாஸ்டிக். தூசி படிந்த வண்டியை உலர்ந்த துணியாலோ மெழுகு தடவிய டஸ்டராலோ துடைக்கும்போது, அந்தத் துகள்களைத்தான் பெயின்டின்மேல் இழுக்கிறோம். வட்டமாகத் துடைத்தால்தான் வட்டக் கீறல் விழும், நேராகத் துடைத்தால் விழாது என்பதும் தவறு. கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. ஒளியைச் சுற்றி அமைந்தவை மட்டும் கண்ணில் படுவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரே வாளி, ஒரே துணியுடன் ஒருவர் காலை விடிவதற்குள் வரிசையாகப் பல கார்களைத் துடைக்கிறார். முதல் காரின் மண் கடைசிக் கார் வரை போகிறது. அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. தினமும் துடைத்தே ஆக வேண்டும் என்று கேட்பவர்கள் நாம். இன்னொரு துணியும் வாளியும் வாங்கிக் கொடுக்காதவர்களும் நாம்தான்.

தண்ணீர்த் தட்டுப்பாட்டில் வேறென்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சும்மா படிந்திருக்கும் தூசி பெயின்டைக் கீறுவதில்லை, தேய்த்தால்தான் கீறும். ஆகவே தினமும் துடைப்பதைவிட வாரம் ஒருமுறை கழுவுவதே மேல். முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்க வேண்டும். பிறகு ஷாம்பூவுக்கு ஒரு வாளி, துணியை அலசத் தனியாக ஒரு வாளி, சுத்தமான மைக்ரோஃபைபர் துணி, இவை போதும். பறவை எச்சம் விழுந்தால் மட்டும் அதுவரை காத்திருக்கக் கூடாது. ஈரத்துணியைச் சற்று நேரம் போட்டு ஊறவைத்து எடுத்துவிட வேண்டும். செராமிக் கோட்டிங் போட்டுவிட்டோமே, அது 9எச் கடினம் ஆயிற்றே என்பவர்களும் உண்டு. அந்த 9எச் பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. மோஸ் அளவுகோலின் 9 அல்ல. குவார்ட்ஸ் மணல் அதையும் கீறும்.

அப்படியானால் வீட்டில் கீறலை எடுக்கவே கூடாதா? எடுக்கலாம், கணக்கோடு. நகத்தில் தட்டுப்படும் கீறல் பாலிஷுக்கு அடங்காது, அதைத் துரத்தக் கூடாது. மற்றவற்றுக்குக் கையைவிட, சுழன்றபடியே அலையும் டூயல் ஆக்‌ஷன் எந்திரம் நல்லது. விரல் அழுத்தும் இடத்தில் மட்டும் ஆழமாகத் தேய்வது அதில் குறைவு. மென்மையான ஸ்பாஞ்ச், இருப்பதிலேயே மிக நைசான பாலிஷ், முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சோதனை. முக்கால்வாசிக் கீறல் மறைந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும். பூச்சு மெல்லியதாக இருக்கும் விளிம்புகளை எந்திரம் தொடவே கூடாது. ஒவ்வொரு சர்வீஸிலும் 'ரப்பிங் பாலிஷ்' சேர்க்கச் சொல்பவர்களிடம், தடிமன் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்க வேண்டும். அளந்திருந்தாலும் சாதாரணக் கருவி நான்கு அடுக்கின் மொத்தத்தைத்தான் காட்டும். கிளியர் கோட்டில் எவ்வளவு மிச்சம் என்று தனியாகச் சொல்லாது. அந்த மிச்சம் தெரியாமல்தான் ஆண்டுதோறும் எந்திரம் வைக்கிறார்கள், நாமும் பணம் கட்டி அனுமதிக்கிறோம்.