ரங்கூன் அரிசி தின்ற சீமை

சிங்கம்புணரியில் வறட்சி எப்போது பேச்சாகிறது தெரியுமா? அரிசிக் கடையில் 26 கிலோ சிப்பத்தின் விலை ஏறும்போது. (25 கிலோ வரை கட்டிய அரிசிக்கு 2022 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும், ஒரு கிலோ கூடப் போட்டுத் தைத்து வரியைத் தாண்டினார்களே, அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி ஒருநாள் தனியாக எழுத வேண்டும்.) மற்றபடி கண்மாய் வெடித்துக் கிடந்தாலும், விளைந்த வயல் மூழ்கிக் கிடந்தாலும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒன்றும் தெரியாது. ரேஷனில் 2011 ஜூனிலிருந்து விலையில்லா அரிசி வருகிறது. ஊரைச் சுற்றி நெல் விளைந்ததா இல்லையா என்பதற்கும் நம் வட்டிலுக்கும் இருந்த தொடர்பு எப்போதோ அறுந்துவிட்டது.

அறுந்தது நல்லதுக்குத்தான். 1876-ல் மழை பொய்த்துத் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் லட்சக்கணக்கில் ஆட்களைப் பறிகொடுத்தது. ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து கூட்டம் கூட்டமாக இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு நடந்தார்கள். அப்போதும் ரயில் இருந்தது, கப்பல் இருந்தது, தானியம் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டும் இருந்தது. வாங்கத்தான் சம்சாரி கையில் காசில்லை. உள்ளூர்க் கண்மாய் நிறையாவிட்டால் உள்ளூரில் அடுப்பெரியாது என்ற அந்தக் கணக்கிலிருந்து நாம் தப்பியது, சோறு வெளியூரிலிருந்து வரத் தொடங்கியதால்.

என் கவலை எல்லாம் அந்த வெளியூரைப் பற்றியது.

அதற்கு முன்னால் உள்ளூரைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். நம் சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. குறைச்சல் என்று சொல்ல முடியாது. ஆனால் அது ஒழுங்காகப் பங்கு போட்டுப் பெய்வதில்லை. நத்தம் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கி வரும் நம் பாலாறு (வேலூர்ப் பாலாறோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்) வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலாகக் கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் சில நாள் கரைக்குக் கரை போகிறது. அந்தச் சில நாள் தண்ணீரைப் பிடித்து வைக்கத்தான் மேல் கண்மாய் கலுங்கில் மறுகால் பாய்ந்தால் கீழ்க் கண்மாய் நிறையும்படி வரிசையாகக் கண்மாய்களை வெட்டி வைத்தார்கள். கண்மாய் வறட்சிக்காக வெட்டியது என்று பலரும் நினைக்கிறார்கள். வெள்ளத்துக்கும் சேர்த்து வெட்டியது அது. வரத்துக்கால் ஒன்று தூர்ந்தாலோ, அதன் மேல் மனை போட்டு விற்றாலோ, அந்தத் தண்ணீர் கார்த்திகையில் வயலுக்குள்ளும் தெருவுக்குள்ளும் புகும். மாசியில் அதே வயலுக்கு மடையில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. ஒரே அடைப்பு இரண்டு கேட்டையும் செய்கிறது. 2017-ல் குடிமராமத்து என்று அரசு மறுபடி தொடங்கியபோது கரையை உயர்த்தி உள்வாயைத் தோண்டியதில் காட்டிய அக்கறை வரத்துக்கால் பக்கம் திரும்பவில்லை என்பது என் எண்ணம். உள்வாயில் தோண்டினால் மண் கிடைக்கும். வரத்துக்காலில் கை வைத்தால் வழக்குத்தான் கிடைக்கும்.

இரண்டு கேட்டையும் ஐந்து வருஷ இடைவெளிக்குள் பார்த்துவிட்டோம். 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரி 10 அன்று 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் அறிவித்தார், நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம். புழுதியில் விதைத்த நெல் முளைத்து ஒரு சாண் ஏறி, அப்படியே சருகானது. பங்குனி, சித்திரையில் ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு கண்மாயில் இறங்கும் மீன்பிடித் திருவிழாவுக்கும் வழியில்லை. மீனுக்கு முதலில் தண்ணீர் வேண்டுமே. தென்னை பட்டபோதுதான் நம் ஊர்க் கயிற்றுக்காரர்களுக்கும் அடி விழுந்தது. மட்டை இல்லாமல் நார் ஏது?

2021-ல் நேர்மாறு. மழை முடிந்து அறுப்புக்கு ஆள் சொல்லி வைக்கும் பொங்கல் வாரத்தில், பெய்யவே கூடாத மாதத்தில் அடித்துப் பெய்தது. டெல்டாவில் மட்டும் இல்லை, சிவகங்கை, ராமநாதபுரத்திலும் கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்து தாளிலேயே முளை விட்டது. எஸ்.புதூர் ரோட்டில் அப்போது ஒரு பெரியவரிடம் கேட்டேன், “என்னண்ணே, ஏதாவது தேறுமா?” அவர் சொன்னது: “காஞ்சு போனா மாட்டுக்காவது ஆகும் தம்பி. இது மாட்டுக்கும் ஆகாது.” வறட்சியையும் வெள்ளத்தையும் ஒப்பிட்டு எத்தனையோ அறிக்கைகள் வருகின்றன. இந்த வித்தியாசத்தை இவ்வளவு சுருக்கமாக எதிலும் படித்ததில்லை. வறட்சி மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டு வரும். விதைக்காமல் விட்டுத் திருப்பூருக்குப் போய்விடலாம். விளைந்த பிறகு வருகிற மழைக்கு முன்னால், உரக் கடன், நடவுக் கூலி, களைக் கூலி எல்லாம் ஏற்கெனவே வயலுக்குள் போயிருக்கும்.

சரி, வெளியூர்.

நம் ஒன்றியத்துப் பிரான்மலைதான் பாரியின் பறம்பு. மூங்கில் நெல்லும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் உழாமலே கிடைக்கிற மலை, மூவேந்தர் முற்றுகை போட்டும் பட்டினி போட முடியவில்லை என்று பெருமை பேசுவோம். கபிலர் பழக்கிய கிளிகள் வெளியே பறந்து நெற்கதிர் கொண்டுவந்த கதையும் அதோடு சேர்ந்ததுதான். அந்தப் பாரிக்கே வெளியூர் நெல் தேவைப்பட்டிருக்கிறது.

பிறகு வந்தது ரங்கூன் அரிசி. செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூணைத் தடவிப் பார்க்கிறார்கள். அந்தத் தூணுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்றால் பாதி விடை நெல். 1852-ல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி முகத்துவாரத்துச் சதுப்பை வெட்டித் திருத்தி நெல் போட அங்குள்ள குடியானவனுக்குக் கடன் வேண்டும். வெள்ளைக்காரன் பேங்கு அவனுக்குக் கொடுக்காது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போன செட்டிநாட்டு நகரத்தார் கொடுத்தார்கள். 1930-ல் பர்மா முழுக்க ஏறக்குறைய 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன. உலகத்திலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்த நாடு அன்றைக்குப் பர்மா. அந்த அரிசி கப்பலேறிச் சென்னைக்கும் வங்காளத்துக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போயிற்று. கண்மாய்த் தண்ணீரை நாழிகைக் கணக்கில் பங்கு வைத்த ஒரு வானம் பார்த்த பூமிக்காரர்கள், தண்ணீர் வடியாத ஒரு டெல்டாவுக்கு முதல் போட்டு, அதன் விளைச்சலில் ஊரில் வீடு கட்டினார்கள். சரித்திரத்தில் இப்படியொரு முரண் அடிக்கடி நடப்பதில்லை.

அது நெடுநாள் நிற்கவில்லை. 1930-ல் நெல் விலை சரிந்ததும் கடன் திரும்பவில்லை. ஈட்டுக்கு வைத்த நிலம் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில், 1930-ல் 6 விழுக்காடு நிலம் நகரத்தாரிடம் இருந்தது. 1938 வாக்கில் 25 விழுக்காடு. பர்மாக்காரனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை நம் பக்கத்துப் பழங்கதைகள் சொல்லுவதில்லை, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. அங்கிருந்த நம் ஆட்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே திரும்பினார்கள். அரிசிக் கப்பல் நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் வங்காளத்து மேதினிப்பூரில் புயல் அடித்துக் கடல் உள்ளே புகுந்தது. மிஞ்சிய நெல்லில் செம்புள்ளி நோய். அதற்கு மேல் பதுக்கலும், போர்க்கால அரசின் அலட்சியமும். 1943-ல் வங்காளத்தில் முப்பது லட்சம் பேர் வரை இறந்தார்கள். இங்கே பஞ்சம் அந்த அளவுக்குப் போகவில்லை. ரேஷன் கார்டு வந்தது. நாம் இன்று கையில் வைத்திருக்கும் அட்டையின் மூதாதை, நின்றுபோன ரங்கூன் கப்பல்தான்.

அந்த டெல்டாவுக்குப் பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2008 மே 2 அன்று நர்கிஸ் புயல் ஐராவதி முகத்துவாரத்தில் ஏறியது. லட்சத்துக்கும் மேல் சாவு. நெல் வயல்களில் உப்புத் தண்ணீர். முந்தைய பருவத்தில் ஆஸ்திரேலியாவின் நெல் வறட்சியில் ஏறக்குறைய அழிந்திருந்தது. இந்தியாவும் வியட்நாமும் ஏற்றுமதிக்குக் கதவை அடைத்தன. அரிசி உலகச் சந்தையில் டன் ஆயிரம் டாலரைத் தொட்டது. பிலிப்பைன்ஸில் அரிசிக்கு வரிசையில் நின்றார்கள். அரிசி இல்லாமல் போனதைவிட, இல்லாமல் போய்விடுமோ என்ற பயம்தான் விலையை அப்படி ஏற்றியது. தீபாவளிக்கு முன்னால் நம் கடைவீதியில் வெங்காயம் பதுங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது உலகத்துக்கு ரங்கூன் யார் என்றால், நாம்தான். உலக அரிசி ஏற்றுமதியில் ஏறக்குறைய 40 விழுக்காடு இந்தியாவிலிருந்து போகிறது. 2023-ல் எல் நினோ பயமும் வட மாநிலங்களில் வெள்ளமும் சேர்ந்து வந்தபோது, ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை மத்திய அரசு நிறுத்தியது. அமெரிக்காவில் இந்தியக் கடைகளில் நம் ஆட்கள் மூட்டை மூட்டையாக வண்டியில் ஏற்றிய வீடியோவை இங்கே நாம் பார்த்துச் சிரித்தோம். சிங்கப்பூர் தனியாகக் கேட்டு விலக்கு வாங்கிக்கொண்டது. 2024 செப்டம்பரில்தான் தடை விலகியது. அந்த ஓராண்டில் செனகலிலோ பெனினிலோ ஒரு வீட்டில் என்ன சமைத்திருப்பார்கள் என்று நாம் யோசிக்கவில்லை. ரங்கூனும் நம்மைப் பற்றி யோசித்திருக்காது. நம் ரேஷன் அரிசியின் மத்தியத் தொகுப்பு பஞ்சாப், சத்தீஸ்கர், ஆந்திரம், தெலங்கானா என்று சில மாநிலங்களை நம்பியிருக்கிறது. பஞ்சாபில் நிலத்தடி நீர் ஆண்டுக்காண்டு இறங்குகிறது. நமக்குப் பக்கத்து வெளியூரான தாமிரபரணிக் கரையில், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. நமக்கு வருஷம் முழுக்கப் பெய்கிற மழை அது.

விதை காப்பாற்றாதா என்று கேட்பார்கள். கொஞ்சம் காப்பாற்றும். பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் 2009-ல் கொடுத்த அண்ணா (ஆர்) 4, நூறு நாள் சுற்றில் விளைந்து காய்ச்சலைத் தாங்கும் ரகம். மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும் ‘சப்-1’ மரபணு ஒடிசாவின் ஒரு பழைய நெல்லிலிருந்து எடுத்தது, சி.ஆர். 1009 ரகத்தில் அதைச் சேர்த்து டெல்டாக்காரர்கள் போடுகிறார்கள். ஆனால் அது பயிர் இளசாக இருக்கும்போது மூழ்கினால் காப்பது. முற்றிய கதிர் தாளிலேயே முளைப்பதற்கு அதில் மருந்தில்லை. நம் வயலோ புரட்டாசியில் புழுதியையும் தையில் வெள்ளத்தையும் ஒரே பயிருக்குக் காட்டுகிறது.

காப்பீடு இன்னும் வேடிக்கை. பிரதமர் பயிர்க் காப்பீட்டில் தனி வயல் வெள்ளத்தில் மூழ்கினால் அதை உள்ளூர்ப் பேரிடராகக் கணக்கிடும் வழி முதலில் இருந்தது. 2018-ல் நெல்லுக்கு மட்டும் அதை எடுத்துவிட்டார்கள். நெல் தண்ணீரில் நிற்கிற பயிர்தானே என்ற நினைப்போ என்னவோ. ஊர் மொத்தத்தின் சராசரி மகசூல் விழுந்தால்தான் பணம். பள்ளத்து வயல்காரன் முழுசாக இழந்திருந்தாலும், மேட்டு வயல்கள் தப்பிவிட்டால் சராசரி நன்றாக இருக்கும். 2026 காரிஃப் முதல் மூழ்கிய நெல்லை மறுபடி சேர்ப்பதாக 2025 நவம்பரில் அறிவிப்பு வந்திருக்கிறது. சேதத்தை 72 மணி நேரத்துக்குள் செயலியில் படத்தோடு பதிய வேண்டுமாம். பள்ளத்து வயல்காரர்கள் வரத்துக்கால் எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்று காட்டி, அதையும் அந்தப் படத்தில் விழும்படி எடுத்து அனுப்பினால் நல்லது.