ஜீனோவுக்கு மார்க் போடாதீர்கள்

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சியில் வருஷா வருஷம் இது காதில் விழும். யாராவது 'என் இனிய இயந்திரா'வைப் புரட்டிவிட்டு நண்பரிடம் சொல்வார்: "வாத்தியார் அப்பவே சொல்லிட்டார் பாரு." சுஜாதாவை இதைவிடச் சின்னவராக்க முடியாது.

எண்பதுகளில் விகடனில் தொடராக வந்த அந்தக் கதை 2020-களின் தொடக்கத்தில் நடக்கிறது. ஜீவா என்ற சர்வாதிகாரி, எல்லாருக்கும் இரண்டெழுத்துப் பெயர், பிள்ளை பெற்றுக்கொள்ள அரசு அனுமதி. அந்த வருஷங்கள் வந்தன, போயின. ஜீவா வரவில்லை. எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று டிக் அடிப்பதற்குப் பஞ்சாங்கம் போதுமே, நாவல் எதுக்கு? தேதி கடந்துவிட்ட எதிர்காலக் கதை மாற்று வரலாறாகிவிடுகிறது. 1949-இல் வந்த ஆர்வெலின் நாவலை 1985 பிறந்ததும் யாரும் பரணில் ஏற்றவில்லை.

எனக்கு உண்மையான கோபம் 'மீண்டும் ஜீனோ' விஷயத்தில்தான். "முதல் பாகம் அளவுக்கு இல்ல ப்ரோ" என்று தாண்டிப் போகிறார்கள். (இனி ஸ்பாய்லர். இத்தனை வருஷம் கழித்து அதற்குக் கோபித்துக்கொள்வது கொஞ்சம் ஓவர்.) முதல் பாகத்தில் ஜீவா வெறும் ஹோலோகிராம் என்று அம்பலமாகிறது. நாம் கைதட்டுகிறோம். இரண்டாம் பாகத்தில், புரட்சி செய்த ரவியும் மனோவும் நிலாவை ராணியாக உட்காரவைத்துவிட்டுப் பின்னாலிருந்து ஆள்கிறார்கள். ஒளிப்பிம்பம் இருந்த இடத்தில் இப்போது உயிருள்ள ஒரு பெண். அவ்வளவுதான் வித்தியாசம். நிலாவின் பக்கம் நிற்க ஒரு இயந்திர நாய்தான் மிச்சம். முதல் பாகத்தைவிடக் கசப்பான கேள்வி இது.

எழுதியவர் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கேற்ற எஞ்சினியர். 1982-இல் கேரளத்தின் பரவூரில் அந்த இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது. பட்டனை அழுத்தியபின் அதிகாரம் யார் கைக்குப் போகிறது என்பது அவருக்கு வெறும் கற்பனைச் சமாசாரமாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இன்று எழுதுகிற நண்பர்களின் கதைகளில் வேற்றுக்கிரக வாசல்கள் நிறைய திறக்கின்றன. அந்தப் பக்கம் போனால் பெரும்பாலும் ஹாலிவுட்தான் இருக்கிறது. நம் '12பி' படத்தில் (2001) ஒரு பஸ்ஸைப் பிடித்ததற்கும் விட்டதற்குமாக ஒருவனுக்கு இரண்டு வாழ்க்கை கிடைத்தது. ஊருக்கே அப்படி இரண்டு வாழ்க்கை எழுதுங்களேன். வாசல் லஸ் முனையில் திறக்கட்டும். எமர்ஜென்சி 1977-இல் முடியாமலே போன ஒரு மயிலாப்பூருக்குள் அந்த பஸ் நுழையட்டும். கண்டக்டருக்கும் இரண்டெழுத்துப் பெயரே இருக்கட்டும்.