தோற்பதற்கென்று ஒரு காசு

பழைய ஆர்கேட் விளையாட்டுகளைப் பற்றி இன்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ராகத்தைத்தான் பாடுகிறார்கள். அன்று எதிர்காலம் பளபளப்பாக இருந்ததாம். ஒரு காசைப் போட்டால் பிரபஞ்சமே திறந்ததாம். அந்த எந்திரங்களுக்கு முன்னால் நின்றவர்களுக்கு நடந்த கதை வேறு. காசு போட்ட அத்தனை பேரும் தோற்றார்கள். தோற்போம் என்று தெரிந்தேதான் அடுத்த காசையும் போட்டார்கள்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பிடிபி-1 கணினியில் உருவாக்கிய ‘ஸ்பேஸ்வார்’ விளையாட்டில் காசுக்கு வேலையே கிடையாது. இரண்டு விண்கலங்கள், நடுவே இரண்டையும் தன் பக்கம் இழுக்கும் ஒரு விண்மீன். எதிரி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பர்தான் என்பதால் ஒருவர் தோற்றால் இன்னொருவர் ஜெயித்தார். ஈ.ஈ. ஸ்மித்தின் விண்வெளி நாவல்களில் ஊறியவர்கள் அவர்கள். பின்னணியில் நட்சத்திரங்களைக் கண்டபடி தூவியிருந்தது அவர்களில் ஒருவரான பீட்டர் சாம்சனுக்குப் பொறுக்கவில்லை. பூமியிலிருந்து தெரியும் நிஜ வானத்தையே அதனதன் ஒளியளவோடு திரையில் நகரவிட்டார். லட்சம் டாலருக்கு மேல் விலைபோன கணினியில் இப்படியொரு வெட்டி வேலை! அந்த வெட்டி வேலையிலிருந்துதான் பிற்பாடு ஒரு தொழிலே பிறந்தது.

காசு நுழைந்தது 1971இல். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ‘ஸ்பேஸ்வார்’ விளையாட்டின் இன்னொரு வடிவத்துக்கு 10 சென்ட் வாங்கினார்கள். அதே ஆண்டு நோலன் புஷ்னெலும் டெட் டாப்னியும் வளைந்து நெளிந்த ஃபைபர்கிளாஸ் பெட்டியில் ‘கம்ப்யூட்டர் ஸ்பேஸ்’ கொண்டுவந்தார்கள். 1973இல் வெளியான ‘சோய்லன்ட் கிரீன்’ படத்தில், 2022ஆம் ஆண்டின் பணக்கார வீடு ஒன்றை அலங்கரிக்க இந்தப் பெட்டியைத்தான் வைத்தார்கள். இந்தப் பெட்டியில் போட்ட காசு குறிப்பிட்ட நேரத்தை வாங்கித் தந்தது. நேரம் முடிந்தால் பெரும்பாலும் ஆட்டம் முடிந்தது.

இந்தக் கணக்கை மாற்றிப்போட்டது 1978இல் டைட்டோ நிறுவனத்துக்காக டோமோஹிரோ நிஷிகாடோ செய்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’. கடிகாரம் போய் உயிர்கள் வந்தன. திறமை இருக்கும்வரை ஆடலாம். ஆனால் ஜெயிக்க வழியே இல்லை. மேலிருந்து இறங்கிவரும் வேற்றுக்கிரகவாசிகளின் ஒரு படையை அழித்தால் அடுத்த படை இன்னும் கீழே இறங்கி நின்று தொடங்கும். ஆட்டத்துக்கு ஒரு முடிவு வைத்தால் கெட்டிக்காரன் ஒருவன் ஒரே காசில் நாளெல்லாம் பெட்டியை அடைத்துக்கொள்வான், கடைக்காரருக்குக் கட்டுப்படியாகாது. மனிதகுலத்தின் வீழ்ச்சி தவிர்க்க முடியாதது என்று அந்த விளையாட்டு சொன்னதாக நாம் இன்று வியாக்கியானம் செய்கிறோமே, அதில் பாதியாவது கல்லாப்பெட்டி சொன்னது.

மீதியைச் சொன்னது எந்திரத்தின் இயலாமை. திரையில் வரிசைக்கு 11 வீதம் ஐந்து வரிசையில் 55 வேற்றுக்கிரகவாசிகள். இன்டெல் 8080 ப்ராசஸரை வைத்துக்கொண்டு அத்தனை பேரையும் ஒரே சமயத்தில் நகர்த்த முடியவில்லை. ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்கில் ஒருவர் என்று, ஒருவர் பின் ஒருவராகத்தான் நகர்ந்தார்கள். முழுப் படையும் ஓர் அடி எடுத்து வைக்க ஏறக்குறைய ஒரு நொடி பிடித்தது. சுடச் சுட எண்ணிக்கை குறைந்தது. மிஞ்சிய ஒவ்வொருவரின் முறையும் சீக்கிரம் வந்தது. வேகம் தானாக ஏறியது. கடைசியில் மிஞ்சும் ஒருவன் பேய் பிடித்தவன் போல ஓடுவான். நிஷிகாடோ இதைப் பார்த்தார், சரிசெய்யாமல் விட்டுவிட்டார். நான்கு தாழ்ந்த சுரங்களையும் அந்த வேகத்தோடு சேர்த்து விரட்டினார். ஜெயிக்க ஜெயிக்க ஆபத்து கூடும் என்ற பயத்தை எந்த எழுத்தாளரும் யோசித்து எழுதவில்லை. கருப்பு வெள்ளைத் திரையில் தெரிந்த நிறங்கள்கூட கண்ணாடிமேல் ஒட்டிய வண்ணத் தாள்களின் உபயம்.

ஜப்பானில் இதனால் 100 யென் நாணயத்துக்கே தட்டுப்பாடு வந்தது என்ற கதை ஊர் ஊராகச் சுற்றுகிறது. ஆதாரம் கிடையாது. ஆனாலும் ஏக்கம் இப்படிப்பட்ட கதைகளைத்தான் பொத்திப் பொத்தி வளர்க்கிறது. 1981இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இந்த எந்திரங்களைக் கட்டுப்படுத்த உறுப்பினர் ஜார்ஜ் ஃபோக்ஸ் கொண்டுவந்த மசோதா 114க்கு 94 என்ற கணக்கில்தான் தோற்றது என்பதும், அதே ஆண்டு பிலிப்பைன்ஸில் அதிபர் மார்கோஸ் வீடியோ கேம்களையே தடைசெய்தார் என்பதும் இந்த நினைவுக் கட்டுரைகளில் அவ்வளவாக எட்டிப்பார்ப்பதில்லை.

தோல்விக்கென்றே கட்டிய இந்த அமைப்புக்கு அர்த்தம் கொடுத்தவர் என்று நான் ஒருவரைத்தான் சொல்வேன்: அட்டாரி நிறுவனத்தின் டேவ் தியூரர். 1980இல் வந்த அவருடைய ‘மிசைல் கமாண்ட்’ விளையாட்டில் ஆறு நகரங்கள். வானத்திலிருந்து கோடுகோடாக இறங்கும் ஏவுகணைகள். தடுக்க மூன்று தளங்கள். எதிரியின் ஊரை நாம் தாக்க முடியாது, காக்க மட்டும்தான் முடியும். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது. அணுகுண்டு வெடிப்பது போன்ற கெட்ட கனவுகள் தியூரருக்கே வந்தன. கடைசி நகரமும் போனபின் திரை முழுக்க ஒரு வெடிப்பு விரியும். அதில் ‘முடிவு’ என்ற ஒற்றை அறிவிப்பு வரும். கடைக்காரரின் லாபத்துக்காகப் பிறந்த விதி, அந்த ஓரிடத்தில் தன் காலத்தைப் பற்றிய நேர்மையான வாக்குமூலமாகிவிட்டது. பளபளப்பான எதிர்காலத்தை இதில் எங்கே தேடுவது?

ஆர்கேட் எந்திரங்களைக் கணினியில் பாவனை செய்யும், 1997இல் வந்த ‘மேம்’ மென்பொருள் இந்த விளையாட்டுகளை அழியாமல் காத்து வருகிறது. அதற்கு நாம் கடன்பட்டவர்கள். இன்றைய கணினி அந்த 55 பேரையும் கண்ணிமைப்பதற்குள் நகர்த்திவிடும் என்பதால், பழைய எந்திரத்தின் நிதானத்தையும் மென்பொருளே போட்டுக்காட்ட வேண்டியிருக்கிறது. அந்தத் தடுமாற்றம் பத்திரமாக இருக்கிறது. காசுதான் காணோம். விசைப்பலகையில் 5ஐத் தட்டினால் ஒரு காசு விழுந்ததாகக் கணக்கு. நூறு முறை தட்டினாலும் யாரும் கேட்கமாட்டார்கள். 2013இல் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்துக்குள்ளும் போய்விட்டது. இனி இவற்றைக் காட்சிக்கு வைக்கிறவர்களுக்கு என் சிபாரிசு ஒன்றுதான். இலவசமாக ஆடவிடாதீர்கள். வாசலிலேயே ஆளுக்கு மூன்று காசு கொடுங்கள், நான்காவது கிடையாது என்று சொல்லி உள்ளே அனுப்புங்கள்.