கைப்பையில் ஆறு தோட்டா போதுமா?

பெண்கள் மீதான வன்முறை என்று பேச்சு எடுத்தாலே, "ஆளுக்கொரு துப்பாக்கி கொடுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்று சொல்ல ஒரு கூட்டம் வந்துவிடுகிறது. 2014 ஜனவரியில் இந்திய அரசின் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையே அப்படி ஒரு துப்பாக்கியைப் பெண்களுக்கென்று கொண்டுவந்தது. பெயர் நிர்பீக். இந்தியில் 'அச்சமற்ற' என்று பொருள். 2012 டிசம்பரில் டெல்லிப் பேருந்தில் சிதைக்கப்பட்ட மாணவியை நினைவூட்டும் பெயர்.

கருவியாகப் பார்த்தால் மோசமில்லை. சுமார் அரை கிலோ எடை, கைப்பைக்குள் மறைந்துவிடும். .32 ரிவால்வர், ஆறு தோட்டா. இயக்குவது எளிது. ஆனால் பயிற்சி இல்லாத கைக்கு எந்தத் துப்பாக்கியும் குறி தவறும். அன்றைய விலை 1,22,360 ரூபாய். கூலி வேலைக்குப் போகும் சேரிப் பெண் எத்தனை ஆண்டு சேர்த்தால் இதை வாங்க முடியும்?

பணம் இருந்தாலும் உரிமம் வேண்டும். 1959 ஆயுதச் சட்டப்படி, உள்ளூர் காவல் நிலையத்தின் அறிக்கையைக் கேட்டுத்தான் உரிமம் முடிவாகும். நம் புகாருக்கு முதல் தகவல் அறிக்கை போடவே அலைக்கழிக்கும் அதே நிலையம்தான் தோழர்களே!

இப்போது கயர்லாஞ்சியை எண்ணிப் பாருங்கள். மகாராஷ்டிரத்தின் பண்டாரா மாவட்டம், 2006 செப்டம்பர் 29. ஓர் அடிதடி வழக்கில் அடித்தவர்களை ஒரு தலித் தாயும் மகளும் அடையாளம் காட்டியிருந்தார்கள். பிணையில் வந்தவர்கள் அன்று மாலையே கும்பலாக வந்தார்கள். தாய், மகள், இரண்டு மகன்கள் என நான்கு பேரைக் கொன்றார்கள். ஊரே திரண்டு வரும்போது ஆறு தோட்டா என்ன செய்யும்? பின்னர் எட்டுப் பேர் தண்டிக்கப்பட்டபோதும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதற்குப் பொருந்தாது என்றே நீதிமன்றம் சொன்னது.

தற்காப்பு உரிமை நமக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சட்டமே அதை ஒப்புக்கொள்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, விதி 3-ஐ எடுத்துப் படியுங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை அரசு முன்கூட்டியே கண்டறிய வேண்டும். தேவைப்பட்டால் அங்கே பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்து செய்ய வேண்டும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். அதன் பிறகுதான், தேவையெனில் நமக்கு உரிமம் வழங்கலாம் என்று வருகிறது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் அடிப்பவன் கையிலிருக்கும் ஆயுதத்தைப் பிடுங்கு. பிறகு அடிபடுபவருக்குக் கொடுப்பதைப் பற்றிப் பேசு. நிர்பீக் விளம்பரம் இதைத் தலைகீழாக்குகிறது. காக்க வேண்டிய கடமையை அரசு தன் தோளிலிருந்து இறக்கி, ஒரு விலைச்சீட்டையும் ஒட்டி, பாதிக்கப்படும் பெண்ணின் கைப்பைக்குள் போட்டுவிடுகிறது.

கயர்லாஞ்சியில் தேவைப்பட்டது சாட்சிக்குப் பாதுகாப்பு. அது 2016-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் 15ஏ பிரிவாகச் சட்டத்திலேயே இருக்கிறது. கடமையைச் செய்யாத அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது பிரிவு 4. எழுதி வைத்தாயிற்று, செய்ய வைப்பதுதான் நம் வேலை.

மாணவத் தோழர்களே, பத்து ரூபாயில் ஓர் ஆர்டிஐ மனு போடுங்கள். உங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நான்கு கேள்விகள் கேளுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் விதி 3-இன்படி எந்தெந்த ஊர்கள் கண்டறியப்பட்டன? அங்கே எத்தனை ஆயுத உரிமங்கள் ரத்தாயின? நம் மக்களுக்கு எத்தனை வழங்கப்பட்டன? மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழு எத்தனை முறை கூடியது?

பதில் வந்தால் ஊர் ஊராகப் படித்துக் காட்டுங்கள். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். கைப்பைத் துப்பாக்கியைவிட இந்தக் காகிதத்துக்கு அவர்கள் அதிகம் பயப்படுவார்கள்.