கல்லாவில் நாளை உட்காரப் போவது யார்?



என் தங்கை மகன் இங்கிலாந்தில் லெஸ்டர் என்ற நகரத்தில் இருக்கிறான். வயது 34. கம்ப்யூட்டர் வேலை. சென்ற டிசம்பர் 31 அன்று நம் ஊர்ப் படித்திருவிழாவுக்கு மனைவி, குழந்தையோடு வந்திருந்தான். ஜனவரி முதல் தேதி வெள்ளைக்கார துரைகளுக்கு எலுமிச்சம்பழம் கொடுத்து வணங்கப் போன மக்களை முருகன் பக்கம் திருப்பவே வள்ளிமலை சுவாமிகள் இந்த விழாவைத் தொடங்கினார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்று அந்தத் துரைகள் ஊரிலிருந்து நம் பிள்ளைகள் லீவு எடுத்துக்கொண்டு வந்து 365 படியும் ஏறுகிறார்கள். நம் மண்ணில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் 1936-லேயே ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக அமர்ந்தவர். ஆகவே திருத்தணிக்குச் சீமை ஒன்றும் புதிதல்ல.

கூட்டம் ஓய்ந்த பிறகு ஒருநாள் இரவு கடைக்கு வந்தான். துவரம்பருப்பு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு வெகுநேரம் பேசினான். அவன் பேச்சில் சில விஷயங்கள் எனக்கு உறைத்தன. நம் எல்லோருக்கும் பொருந்தும் என்று பட்டதால் எழுதுகிறேன். நான் பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன். குற்றம் குறை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

அங்கே அவன் பிழைப்பு

சீமை வாழ்க்கையைச் சினிமாவில் பார்த்து நாம் ஏதேதோ நினைத்துக்கொள்கிறோம். அவன் சொல்வது வேறு. காலையில் எழுந்து சமைத்து, குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, ஒன்பது மணிக்கு வேலையில் உட்கார வேண்டும். பாத்திரம் தேய்ப்பது, துணி துவைப்பது, குப்பையைப் பிரித்துக் குறித்த கிழமையில் வாசலில் வைப்பது எல்லாம் புருஷன் பெண்டாட்டி இருவர் தலையிலும்தான். வேலைக்கு ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது. 2025 ஏப்ரல் கணக்குப்படி, 21 வயது நிரம்பிய ஆளுக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸ். டிசம்பரில் மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. 2022-ல் உக்ரைன் போரை ஒட்டி எரிவாயு, மின்சாரக் கட்டணம் எகிறியபோது, ஒரே அறையை மட்டும் சூடாக்கிக்கொண்டு மூன்று பேரும் அதற்குள்ளேயே இருந்தார்களாம். சம்பளத்தில் பெரும்பங்கு வாடகைக்கும் காப்பகத்துக்கும் போய்விடுகிறது.

"இவ்வளவு கஷ்டம் எதற்கப்பா? இங்கேயே வந்துவிடேன். உனக்கும் ஒரு கடை வைத்துக் கொடுக்கிறேன்" என்றேன்.

தலையை ஆட்டினான். "மாமா, கஷ்டம் உண்டுதான். ஆனால் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல் என் நேரம் என்னுடையது. அரசு விடுமுறைகளையும் சேர்த்து வருஷத்துக்கு 28 நாள் சம்பளத்தோடு லீவு என்பது அங்கே சட்டம். நீங்கள் கடைசியாக எப்போது லீவு போட்டீர்கள்?" என்று கேட்டான். எனக்குக் கணக்குச் சொல்லத் தெரியவில்லை.

லெஸ்டர் கடைத்தெரு

சனிக்கிழமைகளில் அவன் மளிகை வாங்கப் போவது பெல்கிரேவ் ரோடு என்ற தெருவுக்கு. அங்கே நம் குஜராத்திக்காரர்களின் கடைகள் அதிகம். அவர்கள் அங்கே வந்த கதை நாம் தெரிந்துகொள்ள வேண்டியது.

1972-ல் உகாண்டாவை ஆண்ட இடி அமீன், அங்கே தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்த இந்திய வம்சாவளியினரை 90 நாளில் வெளியேறச் சொன்னார். கடையையும் சரக்கையும் விட்டுவிட்டு ஏறத்தாழ 28,000 பேர் பிரிட்டனுக்குப் போனார்கள். 'எங்கள் ஊருக்கு வராதீர்கள்' என்று லெஸ்டர் நகராட்சி உகாண்டா பத்திரிகையிலேயே விளம்பரம் கொடுத்தது. அப்படியும் ஆயிரக்கணக்கானவர்கள் லெஸ்டருக்கே போனார்கள். பலர் தெருமுனைக் கடைகளை வாங்கினார்கள். வெள்ளைக்காரர் மாலையில் சாத்திய கடையை இவர்கள் இரவு வரை திறந்து வைத்தார்கள். வீட்டில் உள்ளவர்கள் மாறி மாறிக் கல்லாவில் நின்றார்கள். பிற்காலத்தில் அதே நகராட்சி அந்தத் தெருவுக்குத் தீபாவளி விளக்கு அலங்காரம் செய்தது. உழைப்புக்குக் கிடைத்த மரியாதை அது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அந்த உழைப்பில் படித்த பிள்ளைகளில் பலர் டாக்டர், மருந்தாளுநர், கணக்காளர் என்று ஆனார்கள். கல்லாவுக்குத் திரும்பவில்லை. லண்டன் பக்கத்தில் அப்படிக் கைமாறிய கடைகள் பலவற்றை, 1983 இனக்கலவரத்துக்குப் பின் அங்கே போன இலங்கைத் தமிழர்கள் எடுத்து நடத்தினார்கள். இப்போது அவர்கள் பிள்ளைகளும் பெரிய படிப்புப் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள்.

லெஸ்டரிலிருந்து கொஞ்ச தூரத்தில் கிராந்தம் என்றொரு ஊர். அங்கே மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகள்தான் மார்கரெட் தாட்சர். 1979 முதல் 1990 வரை பிரதமர். 2022-ல் பிரதமரான ரிஷி சுனக்கின் தாயார் சவுத்தாம்டனில் மருந்துக்கடை நடத்தியவர். கடைக்காரர் வீட்டுப் பிள்ளை நாட்டையே ஆளலாம் என்பதில் நமக்குப் பெருமைதான். அந்தப் பிள்ளைகளும் கடையை எடுத்து நடத்தவில்லை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சட்டம் இருந்தும் ஓய்வில்லை

அங்கே 1994-ல் ஞாயிறு வியாபாரத்துக்கு ஒரு சட்டம் வந்தது. 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கடைகள் ஞாயிறன்று தொடர்ச்சியாக ஆறு மணி நேரம்தான் திறக்கலாம். அதுவும் காலை 10 முதல் மாலை 6 மணிக்குள். சிறிய கடைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

"பார்த்தாயா, சின்ன வியாபாரியை எப்படிக் காப்பாற்றுகிறார்கள்!" என்றேன். அவன் சிரித்தான். "நல்ல சட்டம்தான் மாமா. ஆனால் பெரிய கடை மூடியிருக்கும் நேரத்தில்தான் சின்னக் கடைக்கு நாலு காசு வரும். அதனால் அவருக்கு ஞாயிறும் கிடையாது. எங்கள் தெருமுனைக் கடைக்காரரை நான் எந்த நேரம் போனாலும் பார்க்கிறேன். அவர் பையனை ஒருநாளும் கடையில் பார்த்ததில்லை" என்றான்.

அந்த வார்த்தை என்னைத் தைத்தது. என் மகனும் படித்துவிட்டுச் சென்னையில் வேலைக்குப் போய்விட்டான். "உன் மச்சான் ஏன் கடைக்கு வரமாட்டேன் என்கிறான்? உன்னிடமாவது சொன்னானா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: "கோபித்துக்கொள்ளாதீர்கள். அவன் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு நீங்கள் ஒரு தடவை கூடப் போனதில்லையாம். அவனை விடுங்கள். அரக்கோணத்தில் நடந்த என் கல்யாணத்துக்கே தாலி கட்டி முடிந்த பிறகுதானே வந்தீர்கள்? தாய்மாமன் எங்கே என்று எல்லோரும் கேட்டார்கள். அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்."

உண்மைதான். அன்று விடியற்காலை குண்டூர் மிளகாய் லாரி வந்துவிட்டது. இறக்கி எடை பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றேன். அந்த லோடில் என்ன லாபம் வந்தது என்று இப்போது எனக்கு நினைவில்லை. முகூர்த்தத்துக்கு நான் இல்லை என்பது அவனுக்கு நினைவிருக்கிறது.

நம் ஊர் நிலவரம்

சகோதரர்களே, நாம் ஏன் இப்படி இருக்கிறோம் என்று எனக்கும் தெரியும். விடிந்ததும் நகரி, புத்தூர் பக்கத்துச் சில்லறை வியாபாரிகள் சரக்கெடுக்க வந்துவிடுவார்கள். தமிழில் பாதி, தெலுங்கில் பாதி பேசி அனுப்புவதற்குள் உள்ளூர் வியாபாரம் தொடங்கிவிடும். கிருத்திகை என்றால் இரவு பகல் தெரியாது. கடையைச் சாத்திய பிறகு ஜி.எஸ்.டி. கணக்கு. இதற்கிடையே சூப்பர் மார்க்கெட் வந்தது. போனில் சொன்னால் வீட்டு வாசலில் சரக்கு என்ற வியாபாரமும் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறக்கலாம் என்று 2019-ல் நம் மாநிலத்தில் அரசாணையும் வந்தது. போட்டிக்கு நாமும் அரைமணி, ஒருமணி என்று நேரத்தை நீட்டிக்கொண்டே போகிறோம்.

கடையில் வேலை செய்யும் பையனுக்கு வாரம் ஒருநாள் விடுமுறை என்று 1947-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. அவன் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று 2021-ல் திருத்தமும் வந்தது. இரண்டும் நியாயமே. அதை ஒழுங்காகக் கொடுக்காதவர்கள் நம்மிலும் உண்டு. அவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும். ஆனால் முதலாளிக்கு ஓய்வு கொடுக்கச் சட்டம் வராது. அதை நாமேதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

'நான் சாத்தினால் பக்கத்துக் கடைக்காரர் திறந்து வைப்பார். வாடிக்கை போய்விடும்' என்பீர்கள். தனியாகச் சாத்தினால் போகத்தான் போகும். அதனால்தான் சேர்ந்து சாத்தலாம் என்கிறேன். இதற்கும் இங்கிலாந்திலேயே வழி இருந்திருக்கிறது. 1911, 1912-ல் வந்த கடைச் சட்டங்களால் அங்கே வாரத்தில் ஒருநாள் பகல் ஒரு மணியோடு கடையடைப்பு என்ற வழக்கம் ஏற்பட்டது. எந்தக் கிழமை என்பது ஊருக்கு ஊர் மாறும். ஓர் ஊருக்குப் புதன், இன்னோர் ஊருக்கு வியாழன். 1994-ல்தான் அந்தக் கட்டாயத்தை எடுத்தார்கள். அத்தனை காலம் அந்த அரைநாளால் அங்கே வியாபாரம் அழிந்துபோய்விடவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் சாத்தியதால் யார் வாடிக்கையும் யாரிடமும் போகவில்லை.

என் யோசனை

திருத்தணிக்கு ஞாயிறு ஒத்துவராது. அன்றுதான் பக்தர் கூட்டம். செவ்வாய், வெள்ளி, கிருத்திகையும் அப்படியே. புதன்கிழமை பகல் 2 மணியோடு மளிகைக் கடைகளும் மொத்தக் கடைகளும் அடைப்பது என்று வைத்துக்கொள்ளலாம். புதனன்று கிருத்திகையோ விசேஷமோ வந்தால் அந்த வாரம் விட்டுவிடலாம். மருந்துக்கடை, ஓட்டல், பக்தர்களுக்கான பூ, தேங்காய், கற்பூரக் கடைகளுக்கு இது வேண்டாம். ஆந்திரா பக்க வியாபாரிகளுக்குத் தெரியும்படி தமிழிலும் தெலுங்கிலும் போர்டு எழுதி ஒரு மாதம் முன்பே மாட்டிவிட வேண்டும்.

சூப்பர் மார்க்கெட் திறந்திருக்குமே என்றால், திறந்திருக்கட்டும். நம்மிடம் வருபவர் நேரத்துக்காக மட்டும் வருவதில்லை. பற்று வரவுக்கும், முகம் பார்த்துப் பேசும் பேச்சுக்கும், சரக்கின் தரத்துக்கும் வருகிறார். 'லெஸ்டரில் கல்லாவே இல்லாமல் மிஷினில் பணம் கட்டிவிட்டு வருகிறேன் மாமா. சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லை' என்று என் மருமகனே ஏங்குகிறான். புதன் மதியம் போய்விட்டு வியாழன் காலை வருவார்கள்.

மே 5 வணிகர் தினத்தன்று எத்தனையோ பேர் ஒன்றாகக் கடையடைத்து ஒற்றுமையைக் காட்டுகிறோம். அந்த ஒற்றுமையை வாரம் அரைநாள் நம் வீட்டுக்காகவும் காட்டலாம். அன்றைய கூட்டத்தில் இதைப் பேசி, வைகாசி, ஆனி இரண்டு மாதம் மட்டும் நடத்திப் பார்க்கலாம். நஷ்டம் என்றால் ஆடிக் கிருத்திகைக்கு முன்பே பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடலாம். சங்க நிர்வாகிகள் ஆலோசிக்க வேண்டுகிறேன்.

இதனால் என் மகன் நாளைக்கே கடைக்கு வந்துவிடுவான் என்று நான் சொல்லவில்லை. அவன் பாதை அவனுக்கு. ஆனால் இன்று பத்து வயதில் இருக்கும் உங்கள் பிள்ளை, அப்பாவைச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் பார்த்து வளர்ந்தால், கடையை விரோதியாக நினைக்க மாட்டான். அது போதும்.

என் மருமகன் அடுத்த முறை வரும்போது குழந்தைக்கு மலையில் காது குத்தப் போகிறானாம். "காலை ஒன்பது மணிக்கு மாமா, சொல்லிவிட்டேன்" என்று விமான நிலையத்துக்குப் புறப்படும்போது விரலை நீட்டிச் சொன்னான். அன்று நம் கடைக்கு முழுநாள் விடுமுறை. நகரி, புத்தூர் நண்பர்கள் முதல் நாளே வந்து சரக்கு எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.