துவக்கின் நியாயமும் கதிரவெளியின் சாட்சியமும்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் துவக்குச் செய்த ரொனி பரெட், தன் கொள்கைக்காக வியாபாரத்தை விட்டுக்கொடுத்தவர். அவருடைய தொழிற்சாலையில் செய்யப்பட்ட அரை அங்குலக் குண்டு பாயும் பெருந்துவக்கைப் பொதுமக்கள் வாங்குவதற்கு 2004இல் கலிபோர்னியா மாநிலம் தடைபோட்டது. குடிமக்களுக்கு மறுக்கப்பட்டதை அந்த மாநிலத்தின் பொலிசுக்கும் விற்பதில்லை, அவர்களிடம் உள்ளதைத் திருத்திக் கொடுப்பதுமில்லை என்று அவர் நின்றுவிட்டார். அரசின் கையில் இருப்பது குடிமகன் கையிலும் இருக்க வேண்டும், ஆயுதம் பறிக்கப்பட்ட மக்களே அழிக்கப்படுகிறார்கள் என்பது அங்கே துவக்குரிமைக்காக வாதிடுவோரின் கட்சி. ஹிட்லரின் ஜேர்மனியை அதற்குச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். இந்தியரை நிராயுதபாணிகளாக்கிய 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தைக் காந்தி கண்டித்ததையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இந்த வாதத்தை எளிதில் தட்டிக்கழிக்கத் தமிழருக்கு உரிமையில்லை. 1958இலும் 1977இலும் 1983இலும் நடந்த இனக்கலவரங்களில் அடிபட்டவர்களின் கையில் ஒன்றுமே இருக்கவில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் காடையர்கள் வாக்காளர் பட்டியலோடு வீடுவீடாக வந்தார்கள். வெலிக்கடைச் சிறையில், அரசின் பூட்டுக்குள்ளேயே, இரண்டு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். காக்க வேண்டியவன் பார்த்துக்கொண்டு நின்றான். சில இடங்களில் கூடச் சேர்ந்தான். அதற்குப் பிறகு இயக்கத்துக்குப் போன பிள்ளைகளிடம், கையில் துவக்கு இருந்தால் இது நடந்திருக்காது என்பதற்கு எவரும் மறுமொழி சொல்ல முடியவில்லை.

ஆனால் அந்தத் துவக்குகள் வந்த பிறகு என்ன நடந்தது என்பதையும் கிழக்கு மாகாணம் பார்த்திருக்கிறது. அமெரிக்காவில் கற்பனையாகப் பேசப்படுவது இங்கே ஊர் ஊராக நடந்து முடிந்தது.

1980களின் நடுப்பகுதியில் எல்லைக் கிராமங்களில் அரசு ஊர்காவல் படையை அமைத்தது. சிங்களக் கிராமங்களிலும் பிறகு முஸ்லிம் கிராமங்களிலும் சாதாரணக் குடியானவர்களின் கைக்குத் துவக்கு வந்தது. இந்திய அமைதிப்படை புறப்படுமுன் 1989இல், பிடித்துச் சேர்த்த இளைஞர்களைக்கொண்டு தமிழ்த் தேசிய இராணுவம் என்ற ஒன்று உருவாக்கப்பட்டது. ஆயுதம் கொடுத்தவர்கள் கப்பலேறினார்கள். வாங்கிய பிள்ளைகள் விடுதலைப் புலிகளின் கையில் அகப்பட்டார்கள். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த வாரம் ஏறாவூர். செப்டம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் 180க்கு மேற்பட்ட தமிழர்கள், குழந்தைகளோடும் கிழவர்களோடும், இராணுவத்தால் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள்.

1992 ஏப்ரல் 29ஆம் திகதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிழக்கை ஒட்டிய பொலன்னறுவை மாவட்டத்து அழிஞ்சிப்பொத்தானையில் ஐம்பதுக்கு மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் கொன்றார்கள். பொழுது சாய்வதற்குள், அயலிலிருந்த முத்துக்கல், கரப்பொளை என்ற தமிழ்க் கிராமங்களில் எண்பதுக்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் ஊர்காவல் படையினரும் பொலிசாரும். தற்காப்புக்கென்று கொடுத்த துவக்கு, கொலைகாரன் வந்த நேரத்தில் ஊரைக் காக்கவில்லை. அவன் காட்டுக்குள் போன பிறகு, அவனுடைய மொழி பேசிய பாவத்துக்காக அயலவனைத் தேடிப் போனது. கிழக்கின் நீண்ட கணக்கில் இதைவிடக் கொடிய பாடம் இல்லை.

துவக்குரிமை வாதத்துக்கு வலுவான சான்று ஒன்றும் இங்கேயே உண்டு, அதை மறைக்கக்கூடாது. 1990 ஜூனில் கிழக்கின் பொலிஸ் நிலையங்கள் மேலிடத்துக் கட்டளைப்படி புலிகளிடம் சரணடைந்தன. ஆயுதங்களைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த பொலிசாரில் நூற்றுக்கணக்கானோர் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொடுக்காமல் இருந்திருந்தால் பலர் பிழைத்திருக்கக்கூடும். ஆனால் அவர்கள் துவக்கில்லாத குடிமக்களல்லர், ஓர் அரசின் ஆயுதப் பிரிவினர். அவர்களைக் கைவிட்டது கொழும்பில் எடுத்த முடிவு. அந்த முடிவுக்கு எவரும் நீதிமன்றத்தில் விளக்கம் சொல்லவில்லை.

ஹிட்லரின் ஜேர்மனியில் யூதர்களின் கதையும் சொல்லப்படுவதைவிடச் சிக்கலானது. 1938 மார்ச்சில் நாஸி அரசு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் பெரும்பான்மை ஜேர்மானியருக்குக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. அதே ஆண்டு நவம்பர் 11ஆம் திகதி யூதருக்கு மட்டும் ஆயுதம் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. அவர்கள் மக்கள் தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அயலவர்களோ ஆயுதத்தோடு அரசின் பக்கம் நின்றார்கள். 1943 ஏப்ரலில் வார்சோ சேரியில் சில கைத்துப்பாக்கிகளோடும் கையால் செய்த குண்டுகளோடும் ஏறத்தாழ ஒரு மாதம் போராடியவர்களின் வீரத்துக்கு ஈடில்லை. அவர்களே உயிர்தப்புவோம் என்று நம்பிப் போராடவில்லை.

இனிக் கதிரவெளி. வாகரைப் பிரதேசத்தின் வட அந்தத்தில், வெருகல் ஆற்றுக்குத் தெற்கே கிடக்கும் கரையோரக் கிராமம். 2004 ஏப்ரலில், பெரிய வெள்ளியை ஒட்டி, வன்னிப் புலிகள் அந்த ஆற்றைக் கடந்து வந்து புலிகளிலிருந்து பிரிந்து நின்ற கருணா அணியோடு மோதினார்கள். மக்களைக் காக்கவென்று ஏந்திய ஆயுதம் மட்டக்களப்புத் தாய்மார் பெற்ற பிள்ளைகள்மீதே திரும்பியது.

2006இல் மாவிலாறுச் சண்டையைத் தொடர்ந்து மூதூர் கிழக்கிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் ஓடிவந்தவர்கள் கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தங்கியிருந்தார்கள். நவம்பர் 8ஆம் திகதி இராணுவத்தின் ஷெல்கள் அங்கே வந்து விழுந்தன. நாற்பதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். புலிகள் ஏவிய எறிகணைகளுக்கே பதிலடி கொடுத்ததாக இராணுவம் சொன்னது. நேரில் போய்ப் பார்த்த யுத்தநிறுத்தக் கண்காணிப்புக் குழுவினர் முகாம் வளவில் இராணுவ நிலை எதுவும் காணப்படவில்லை என்றார்கள். வாகரையைவிட்டு வெளியேற முயன்ற சனங்களைப் புலிகள் தடுத்ததும் மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளில் இருக்கிறது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு தகப்பன் கையிலும் ஒரு துவக்கு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பல மைல் தொலைவிலிருந்து வரும் ஷெல்லை அது நிறுத்தியிருக்காது. அடித்தவனுக்கு நல்லதொரு சாக்கு மட்டும் கொடுத்திருக்கும். நிராயுதபாணிகள் தங்கியிருந்த இடம் என்று கண்காணிப்பாளர் சொல்ல முடிந்ததுதான், இறந்தவர்களுக்கு மிஞ்சியிருந்த ஒரே வலிமை. மறுநாள் இந்தக் கொலைகளைக் கண்டித்துக் கொழும்பில் ஐ.நா. அலுவலகத்தின் முன்னால் நின்றவர்களில் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜும் ஒருவர். நவம்பர் 10ஆம் திகதி காலை அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கூட இருந்த பொலிஸ் மெய்க்காவலரும் இறந்தார். அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டோர் 2016 டிசம்பரில் விடுவிக்கப்பட்டார்கள்.

துவக்குச் செய்பவனுக்குக் கொள்கை வேண்டும் என்பதில் பரெட்டோடு உடன்படலாம். ஆனால் அந்தக் கொள்கை, வாங்குபவனின் உரிமையோடு நின்றுவிடக்கூடாது. சுடப்படுபவன்வரை போக வேண்டும். துவக்கு வடிவமைப்பாளர் மிகையில் கலாஷ்னிகோவ், தொண்ணூறு வயது கடந்த நிலையில், ரஷ்யத் திருச்சபையின் தலைவருக்குக் கடிதம் எழுதினார். தன் துவக்கால் செத்தவர்களின் பாவம் தன்னையும் சேருமா என்று அதில் கேட்டார். கிழக்கில் இரு தரப்பாரும் தூக்கித் திரிந்த ரி-56 அவருடைய வடிவமைப்பின் சீனப் பிரதி. மெக்சிக்கோவில் அனுமதியில்லாத மாநிலங்களுக்குப் போய்ச் சேர்ந்த துவக்குகளுக்காக, அவற்றைச் செய்த ஹெக்லர் அன்ட் கோக் என்ற ஜேர்மன் நிறுவனத்திடமிருந்து 37 இலட்சம் யூரோவைப் பறிமுதல் செய்ய ஸ்ருட்காட் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. பொதுமக்களைத் தாக்கப் பயன்படும் என்று தெரிந்தால் ஆயுதம் அனுப்பக்கூடாது என்கிற ஆயுத வர்த்தக ஒப்பந்தம் 2014 டிசம்பர் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. கதிரவெளிக்கு அது எட்டு ஆண்டு பிந்தி வந்தது.

இலங்கையின் சுடுகலன் கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டுக்குரியது. அதன்படி, யானையும் பன்றியும் அழிக்கும் பயிரைக் காக்கத் துவக்கு வைத்திருக்கும் விவசாயி ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும். இலக்கம், பெயர், விலாசம் எல்லாம் பதிவில் இருக்கும். அந்த ஒழுங்கு நல்லது, இறுக்கமாகவே இருக்கட்டும். பீரங்கிப் படைக்கும் பதிவேடு உண்டு. 2006 நவம்பர் 8ஆம் திகதி எந்தப் படையணி, எந்த நிலையிலிருந்து, யாருடைய கட்டளையில் வித்தியாலயத்தை நோக்கிச் சுட்டது என்பதை அரசு அந்தப் பதிவேட்டிலிருந்து எடுத்து, உறவுகளை இழந்த குடும்பங்களின் முன்னால் வைக்க வேண்டும்.