முதலில் முடிச்சு, அப்புறம் மூடி

இந்த வாரம் ஒரு கணக்கு. உடனே பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்கு ஓடிவிடாதீர்கள், நேயர்களே! ஜுரமானியை ஒரு தடவையாவது வாயில் வைத்துக்கொண்டவர்கள் அனைவருக்கும் சம்பந்தமுள்ள கணக்கு இது.

சென்ற மாதம் கம்மாபுரத்தில் இருக்கும் என் தமக்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்திலிருக்கும் விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போன ஊர். அகல் விளக்கும் பொம்மையும் மின்சார வேலைக்கான பீங்கான் சாமான்களும் அங்கே தயாராகின்றன. அத்தானுக்கு அங்கே ஒரு சின்னச் சூளையில் மேஸ்திரி உத்தியோகம்.

நான் உள்ளே நுழைந்தபோது பெரிய தர்க்கம் நடந்துகொண்டிருந்தது. அத்தானின் தாயாருக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. பழைய கண்ணாடி ஜுரமானி உடைந்துபோனதால் கடையிலிருந்து புதிதாக ஒன்று வாங்கி வந்திருந்தார்கள். எண்ணைத் தானே எழுதிக் காட்டும் ரகம். அது 39 என்று காட்டியது.

“முப்பத்தொம்பதுதானே! நூறைத் தாண்டினாத்தானே ஜுரம்? தண்ணி எடுத்து வை, தலைக்கு ஊத்திக்கிறேன்” என்று கிழவியார் எழுந்தே விட்டார்.

“ஆயா, உக்காரு! அது செல்சியஸ்” என்று தடுத்தாள், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மருமகள். பென்சிலை எடுத்தாள். 39-ஐ 9-ஆல் பெருக்கினால் 351. அதை 5-ஆல் வகுத்தால் 70.2. அதனுடன் 32-ஐக் கூட்டினால் 102.2. “நூத்திரண்டு!” என்றாள். ஆயா மறுபேச்சில்லாமல் படுத்துக்கொண்டார். டாக்டர் கொடுத்த மாத்திரையும் உள்ளே போயிற்று.

இந்த 9, 5, 32 எல்லாம் எங்கிருந்து வந்தன? பாரன்ஹீட் என்பவர் டான்ஸிக் நகரில் பிறந்து ஹாலந்தில் வாழ்ந்தவர். 1724-ல் அவர் வெளியிட்ட அளவில் பனிக்கட்டியும் உப்பும் கலந்த கலவையின் குளிருக்குத்தான் பூஜ்யம் என்று பெயர். வெறும் பனிக்கட்டி 32-ல் வந்து நின்றது. ஸ்வீடன் தேசத்து செல்சியஸ் 1742-ல் வேறு அளவு செய்தார். அவர் தண்ணீர் கொதிக்கும் இடத்துக்குப் பூஜ்யமும் உறையும் இடத்துக்கு 100-ம் வைத்தார் என்றால் நம்புவீர்களா? பிற்பாடு மற்றவர்கள் அதைத் தலைகீழாகப் புரட்டி இன்றைய அளவாக்கினார்கள். பனிக்கட்டியிலிருந்து கொதிநீர் வரையில் செல்சியஸுக்கு 100 படி. அதே உயரத்துக்கு பாரன்ஹீட்டில் 32-லிருந்து 212 வரை 180 படி. அதாவது அங்கே 5 படி ஏறினால் இங்கே 9 படி. போதாக்குறைக்கு, பாரன்ஹீட்டின் மாடிப்படி 32-ல் ஆரம்பமாகிறது. சூத்திரம் இவ்வளவுதான்.

என் மருமகள் அதோடு விட்டாளா? “வந்த வழியே திரும்பிப் போய்ப் பார்க்கிறேன், மாமா” என்று 102.2-ஐ 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுத்து, 32-ஐக் கழித்தாள். 24.8 வந்தது! புறப்பட்ட இடம் 39. போய்ச் சேர்ந்த இடம் 24.8. ஜுரத்தில் கிடக்கும் ஆயாவின் உடம்பு மார்கழிக் காற்றைப் போல ஜில்லென்று இருக்கிறதாம்! குழந்தை பென்சிலைக் கடித்துக்கொண்டு விழித்தாள்.

சமையலறையிலிருந்து என் தமக்கைதான் வழி காட்டினாள். அத்தானின் தூக்குச் சட்டியில் சோற்றைப் போட்டு, மூடியை மூடி, மேலே துணியால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். “ஏண்டி, உங்கப்பா சாப்பிடும்போது முதல்லே மூடியைத் திறப்பாரா, முடிச்சை அவிழ்ப்பாரா?” என்றாள்.

எவ்வளவு சரியான கேள்வி! போகும்போது கடைசியில் போட்ட முடிச்சு, 32-ஐக் கூட்டியது. திரும்பும்போது அதைத்தான் முதலில் அவிழ்க்க வேண்டும். 102.2-ல் 32 போனால் 70.2. அதை 5-ஆல் பெருக்கினால் 351. 9-ஆல் வகுத்தால் 39. புறப்பட்ட வீட்டுக்கே வந்து சேர்ந்தாயிற்று.

எல்லோரும் சிரித்தோம், அத்தானைத் தவிர. அவர் எழுந்து போய் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அமெரிக்கப் புத்தகம் ஒன்றிலிருந்து எழுதி வைத்திருந்த மெருகுப் பக்குவம் அது. அமெரிக்கர்கள் இன்னும் பாரன்ஹீட்டை விடவில்லை. “2192 டிகிரி வரை சுடவும்” என்று இருந்தது. பக்கத்தில் அத்தான் கைப்பட எழுதிய செல்சியஸ் கணக்கு: 1186.

என் மருமகள் போட்டுப் பார்த்தாள். 2192-ல் 32 போனால் 2160. அதை 5-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்தால் சரியாக 1200.

கவனித்தீர்களா, நேயர்களே? 32-ஐக் கடைசியில் கழிக்கிற பிசகு எந்த உஷ்ணத்திலும் ஒரே அளவுதான்: 14 டிகிரிக்குச் சற்று அதிகம். ஜுரத்தில் அந்தப் பிசகு உடனே பல்லை இளிக்கிறது; 24.8 என்றால் குழந்தைகூட நம்பாது. சூளையிலோ 1186 என்பதைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்? பெரிய எண்களின் கூட்டத்தில் தப்பு ஒளிந்துகொள்கிறது. ஆனால் நெருப்பு ஏமாறாது. இத்தனை உஷ்ணத்தில் வளையும் என்று கணக்கிட்டுச் செய்த சின்னக் கூம்புகளைச் சூளைக்குள் வைக்கும் வழக்கம், ஜெர்மனியில் ஸீகர் என்பவர் 1886-ல் கொண்டுவந்தது, இதனால்தான் இன்னமும் இருக்கிறது. அத்தான் அன்று கூம்பு வைக்கவில்லை. மானியையும் தம் கணக்கையும் நம்பிவிட்டார். பொம்மைகள் மெருகு ஏறாமல் மங்கலாக வெளிவந்தன.

“அடுப்பு பார்த்த பையன் தூங்கிட்டான்னு எல்லார் முன்னாடியும் திட்டிட்டேன், தம்பி. ‘நீங்க சொன்ன நம்பர் வரைக்கும் ஏத்தினேன்’னு சொன்னான். நான் காது குடுக்கலை” என்றார் அத்தான்.

“எங்கள் டெலிபோன் ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிடுமே!” என்று சிலர் சொல்வீர்கள். வாஸ்தவம். ஆனால் ஜுரம் 1 டிகிரி செல்சியஸ் இறங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 செல்சியஸ் எத்தனை பாரன்ஹீட் என்று கேட்டால் 33.8 என்று அது கூசாமல் சொல்லும். ஆயாவின் ஜுரம் 33.8 டிகிரி இறங்கியிருந்தால் வீட்டில் அழுகைச் சத்தம் அல்லவா கேட்டிருக்கும்! இறங்கியது 1.8-தான். ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடும்போது 32-க்கு அங்கே வேலையே இல்லை. படிகளை எண்ணினால் போதும். சூளையில் மணிக்கு 50 டிகிரி செல்சியஸ் ஏற்று என்றால் அது பாரன்ஹீட்டில் 90. டெலிபோனை நம்பி 122 என்று ஏற்றினால் மண் வெடித்தாலும் வெடிக்கும். எதைக் கேட்கிறோம் என்பது கேட்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் விடிவதற்கு முன்பே அத்தான் தூக்குச் சட்டியோடு கிளம்பிவிட்டார். வழக்கத்தைவிடச் சட்டி பெரிதாக இருந்தது. “அந்தப் பையனுக்கும் சேர்த்துக் கட்டச் சொன்னார்” என்றாள் என் தமக்கை.

ஆயாவுக்கு ஜுரம் விட்டிருந்தது. ஜுரமானி 37 என்று காட்டிற்று. “அதை நம்ம கணக்குக்கு மாத்திச் சொல்லுடி” என்றார். “தொண்ணூத்தெட்டு புள்ளி ஆறு” என்றாள் பேத்தி.

“திரும்பிப் போய்ப் பார்த்தியா?”

“பார்த்துட்டேன், ஆயா. வீட்டுக்கே வந்துட்டேன்.”

“அப்போ தண்ணி எடுத்து வை” என்று எழுந்தார் ஆயா.